முதுகெலும்பின் ஓவர் கணக்கு



சென்னை சேத்துப்பட்டில், மெட்ராஸ் கிறிஸ்துவக் கல்லூரி மேல்நிலைப் பள்ளியின் மைதானத்தில், 1987-இல் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் தொடங்கியது. இந்திய மண்ணில் சுழற்பந்துதான் விளையும், வேகப்பந்து விளையாது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நம்பிக்கையை மாற்ற ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்டவர் டென்னிஸ் லில்லி. வேகப்பந்து கற்க வந்த மும்பைப் பள்ளி மாணவன் ஒருவனைப் பார்த்து, நீ பேட்டிங்கையே கவனி என்று அவர் திருப்பி அனுப்பிய கதை எல்லோருக்கும் தெரியும். அந்த மாணவன் சச்சின் டெண்டுல்கர்.

அவ்வளவாகச் சொல்லப்படாத கதை லில்லியின் முதுகைப் பற்றியது. சென்னைக்கு வருவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு, அதே மனிதர் உடம்பைச் சுற்றி மாவுக்கட்டு போட்டுக்கொண்டு ஆறு வாரம் கிடந்தார். கை காலில் அல்ல, நடு உடம்பில். அவர் கீழே விழவில்லை, யாரும் இடிக்கவில்லை, பந்தும் படவில்லை. பந்து வீசினார், அவ்வளவுதான்.

1973 ஜனவரியில் சிட்னியில் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட். லில்லிக்கு முதுகு வலித்தது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு வலியோடு வீசி, அணி வெல்லக் கைகொடுத்தார். அதே முதுகோடு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனார். அங்கே முதல் டெஸ்டோடு அவருடைய தொடர் முடிந்தது. கீழ் முதுகின் முள்ளெலும்புகளில் விரிசல்கள் இருந்தது பிறகு தெரிந்தது. வயது 23. அவருடைய பந்துவீச்சு முடிந்துவிட்டது என்று பலர் எழுதிவிட்டார்கள்.

இந்த உரை அந்த விரிசலைப் பற்றியது. விளையாட்டுக் காயம் என்றால் மூட்டு பிசகுவது, எலும்பு முறிவது, ரத்தம் வருவது என்று கண்ணால் பார்க்கக்கூடியவைதான் நினைவுக்கு வரும். அவற்றைக் கண்டுபிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கபடியில் முட்டி திரும்பிவிட்டால் ஆடியவனுக்கும் தெரியும், அரங்கத்துக்கும் தெரியும். ஆனால் அழுத்த முறிவு, அதாவது ‘ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்’, சத்தம் போடாமல் வருகிறது. எந்த நாளில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அது எப்படி வருகிறது?

வேகப்பந்து வீச்சாளர் ஓடிவந்து முன்காலை ஊன்றும்போது, அவர் எடையைப் போல் ஐந்து மடங்கு, சிலருக்கு ஏழு மடங்குக்கும் மேல், தரையிலிருந்து எதிர்விசை கிளம்பி மேலே ஏறுகிறது. அறுபது கிலோ எடையுள்ள பையன், ஐந்து மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பந்துக்கு 300 கிலோ. பத்து ஓவர் என்றால் அறுபது பந்து. மொத்தம் 18 டன். ஒரு லாரிச் சுமையை அந்தக் கால் ஒரு மாலைப் பொழுதில் தவணை முறையில் தாங்கி முடிக்கிறது.

கால் தாங்குவதோடு விஷயம் நிற்பதில்லை. பந்தை விடும் கணத்தில் வலக்கை வீச்சாளரின் உடல் பின்னால் வளைந்து, இடப்பக்கம் சாய்ந்து, முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. வளைவு, சாய்வு, முறுக்கு மூன்றும் ஒரே நொடியின் சிறு பகுதியில். முள்ளெலும்பின் மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்க ஒரு குறுகலான பாலம் உண்டு. மருத்துவர்கள் அதைச் சுருக்கமாக ‘பார்ஸ்’ என்பார்கள். முறுக்கிப் பிழியப்படுவது அந்தப் பாலம்தான். அதனால்தான் வலக்கை வீச்சாளர்களுக்குப் பெரும்பாலும் இடப்பக்கத்திலும், இடக்கை வீச்சாளர்களுக்கு வலப்பக்கத்திலும் விரிசல் விழுகிறது. இடுப்பு முள்ளெலும்புகள் ஐந்தில் கடைசி இரண்டுதான் அடிக்கடி மாட்டுகின்றன.

எலும்பைக் கல் என்று நினைப்பதால்தான் இது புரியாமல் போகிறது. எலும்பு, குடியிருந்துகொண்டே மராமத்து பார்க்கப்படும் வீடு. அழுத்தம் கூடினால், நலிந்த பகுதியை முதலில் ஒரு கூட்டம் செல்கள் அரித்து எடுக்கும். பிறகு இன்னொரு கூட்டம் வந்து புதிதாகக் கட்டும். இடிப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டி, அது இறுக, மாதங்கள் ஆகும். இடித்தவர்கள் போய், கட்டுகிறவர்கள் இன்னும் முடிக்காத இடைவெளியில் எலும்பு வழக்கத்தைவிட மெலிவாக இருக்கும். அந்த நேரம் பார்த்து மாவட்ட அணித் தேர்வு வந்து, பையன் நாளுக்குப் பன்னிரண்டு ஓவர் வீசினால் விரிசல் விடத்தான் செய்யும்.

இதனால்தான் காரணமும் காயமும் ஒரே நாளில் நடப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் ஜான் ஆர்ச்சர்ட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்கோடு காட்டியது. ஓர் ஆட்டத்தில் 50 ஓவருக்கு மேல் வீசியவர்களுக்குக் காயத்தின் ஆபத்து அடுத்த மூன்று நான்கு வாரங்கள் வரை கூடியே இருந்தது. அதற்குள் பயிற்சியாளர் அந்த ஆட்டத்தை மறந்திருப்பார். பையனும் மறந்திருப்பான். நேற்று குனிந்து பக்கெட் தூக்கியதுதான் காரணம் என்று வீட்டில் முடிவு கட்டியிருப்பார்கள்.

இனி, கண்டுபிடிப்பது. இதில் முதல் தடை மொழி என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ‘சுளுக்கு’, ‘பிடிப்பு’, ‘நரம்பு இழுத்துக்கிச்சு’ என்ற மூன்று சொற்களுக்குள் உடம்பின் எல்லா உபத்திரவங்களையும் அடக்கிவிடுவது நம் வழக்கம். ‘வாயுப் பிடிப்பு’ என்று நான்காவதையும் சேர்த்துக்கொள்ளலாம். சொல் ஒன்றாகிவிட்டால் வைத்தியமும் ஒன்றாகிவிடுகிறது: எண்ணெய் போட்டு நீவி, ஸ்ப்ரே அடித்து, வலி மாத்திரை போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அனுப்பிவிடுவது. தசைப் பிடிப்புக்கு நீவினால் இதமாகவாவது இருக்கும். விரிசல் விட்ட முள்ளெலும்பை நெட்டை முறிப்பதும் மிதித்து எடுப்பதும் வேறு சங்கதி.

தசைப் பிடிப்புக்கும் எலும்பு விரிசலுக்கும் வேறுபாடு உண்டு. கேட்கத் தெரிந்தால் பையனின் வாயிலிருந்தே வரும். தசை வலி முதுகின் அகலத்துக்குப் பரவி நிற்கும். எந்த இடம் என்று கேட்டால் உள்ளங்கையால் தடவிக் காட்டுவான். விரிசல் வலி ஒரு பக்கமாக, முதுகுத்தண்டிலிருந்து சற்றுத் தள்ளி, பெரும்பாலும் ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும்படி இருக்கும். குனிந்தால் தேவலாம், பின்னால் வளைந்தால் சுருக்கென்கிறது என்பான். முதல் ஸ்பெல்லில் ஒன்றும் தெரியாது. முடித்துவிட்டு உட்கார்ந்து எழும்போது தெரியும். இரண்டு நாள் ஓய்வில் அடங்கும். மறுபடி வீசினால் முன்பைவிடச் சீக்கிரம் வரும். இந்தக் கடைசிக் குறிதான் முக்கியம். வளரும் வயதில் உள்ள வேகப்பந்து வீச்சாளர் இப்படிச் சொன்னால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அதை எலும்பு என்றே எடுத்துக்கொள்வது நல்லது.

அடுத்து நடப்பது இன்னொரு வேடிக்கை. எக்ஸ்ரே எடுப்பார்கள், ஒன்றும் தெரியாது. ‘எலும்பில் ஒன்றுமில்லை’ என்ற வாக்கியத்தோடு குடும்பம் நிம்மதியாக வீடு திரும்பும். ஆரம்ப நிலை விரிசலை எக்ஸ்ரே பெரும்பாலும் காட்டாது. எம்.ஆர்.ஐ. காட்டும், எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்திருப்பதை, விரிசல் கோடு விழுவதற்கு முன்பே காட்டிவிடும். சி.டி. ஸ்கேன் விரிசல் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று சொல்லும். எல்லா முதுகு வலிக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி இந்த உரை யாரையும் தூண்டவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்தே இருப்பவரின் முதுகு வலி வேறு. ஆனால் பதினாறு வயது வீச்சாளரின் ஒற்றைப் பக்க வலிக்கு எக்ஸ்ரேயை மட்டும் நம்பி முடிவெடுப்பது தவறு.

ஒன்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். முதுகு வலியோடு காலில் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, காய்ச்சலும் இரவு வலியும் சேர்ந்துகொண்டாலோ, அது விளையாட்டுப் பிரச்சினை அல்ல. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வலி வருவதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியுமா? 2019 செப்டம்பரில் ஜஸ்பிரித் பும்ராவின் கீழ் முதுகில் சிறிய அழுத்த முறிவு இருப்பதாக இந்திய கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. வழக்கமான ஸ்கேன் பரிசோதனையில் அது தெரியவந்ததாக அறிவிப்பு சொன்னது. 2020 ஜனவரியில் இலங்கைக்கு எதிராக அவர் மீண்டும் வீசினார். முன்கூட்டித் தெரிந்ததன் லாபம் அது. அந்த வசதி வாரிய ஒப்பந்தம் உள்ளவர்களுக்குத்தான் உண்டு. மாவட்ட லீக்கில் வீசும் பையனுக்கு ஸ்கேன் இல்லை. இருக்கக்கூடியது ஒரு நோட்டுப் புத்தகம்.

அந்த நோட்டைப் பற்றிப் பேசும் முன், இளம் வயது ஏன் என்ற கேள்வி. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஃபாஸ்டர், எலியட் உள்ளிட்டோர் 82 இளம் வீச்சாளர்களை ஒரு பருவம் முழுக்கத் தொடர்ந்து கவனித்து, 1989-இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரி வயது பதினேழைத் தொடவில்லை. ஒரே பருவத்தில் 11 சதவீதம் பேருக்கு முள்ளெலும்பில் அழுத்த முறிவு ஏற்பட்டிருந்தது. பந்தை விடும் முன் இடுப்பு ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமும் திரும்பி நிற்கும் ‘கலப்பு ஆக்‌ஷன்’ உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது அந்த ஆய்வுகள் தந்த பாடம். பக்கவாட்டாக வீசினாலும் சரி, நேர்முகமாக வீசினாலும் சரி, இடுப்பும் தோளும் ஒரே திசை பார்க்கட்டும் என்பது அதற்குப் பிறகு பயிற்சி உலகின் பாலபாடம் ஆனது. தவிர, கீழ் முதுகின் எலும்பு முழு உறுதி பெற இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். பதினெட்டு வயதில் தோளும் தொடையும் ஆளுக்குரியவை. முள்ளெலும்பு இன்னும் பையனுடையது.

இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இதற்காகவே வயதுவாரியாக எல்லை வகுத்தது. 13 வயது வரை ஒரு ஸ்பெல்லில் 5 ஓவர், ஒரு நாளில் 10. 14, 15 வயதுக்கு 6-ம் 12-ம் என்று நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது. நம் ஊரில் சிக்கல் வேறு விதம். ஒரே பையன் காலையில் பள்ளி அணி, மாலையில் அகாடமி, வார இறுதியில் லீக், நடுவில் தெரு டென்னிஸ் பந்துப் போட்டி என்று ஆடுவான். பள்ளி சார் பள்ளியில் போட்டதை மட்டும் கணக்கில் வைப்பார். அகாடமி கோச் அகாடமிக் கணக்கை வைப்பார். ஒவ்வொருவர் கணக்கிலும் பையன் அளவாகத்தான் வீசியிருக்கிறான். நான்கையும் கூட்டிப் பார்க்கும் ஒரே ஆள் முதுகெலும்பு. நெட்ஸில் போடும் பந்தை ஓவராகவே யாரும் எண்ணுவதில்லை என்பது தனிக்கதை. அதுவும் சிமென்ட் தரையில். அம்மாவோ அப்பாவோ ஒரு நோட்டில் தினம் எத்தனை பந்து என்று எழுதிவைத்தால், போன மாதத்தைவிட இந்த வாரம் திடீரென்று எகிறியிருப்பது தெரியும். ஆபத்து பெரிய எண்ணில் இருப்பதைவிடத் திடீர்த் தாவலில்தான் அதிகம் இருக்கிறது. தேர்வு முடிந்து இரண்டு மாதம் கழித்து வந்த பையன் முதல் வாரமே பழைய அளவுக்கு வீசுவது, ஆண்டு முழுக்க வீசிக்கொண்டிருப்பவன் நிறைய வீசுவதைவிட மோசம்.

சரி, விரிசல் விட்டாகிவிட்டது. பிறகு?

மறுசீரமைப்பின் பெரிய எதிரி வலி அல்ல, வலி போவது. பந்து வீசுவதை நிறுத்திய சில வாரங்களிலேயே பலருக்கு வலி அடங்கிவிடும். எலும்பு அப்போது பாதி வேலையில் இருக்கும். ஆரம்பத்தில் தாமதமாகப் பேசிய வலி, முடிவில் முந்திக்கொண்டு வாயை மூடிவிடுகிறது. வலியைச் சாட்சியாக வைத்து நாள் குறிப்பவர்கள்தான் அடுத்த பருவத்திலும் அதே ஸ்கேன் மையத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். விரிசல் முழுமையானதென்றால் ஆட்டத்துக்குத் திரும்ப ஆறு முதல் எட்டு மாதம் பிடிப்பது சகஜம். சில விரிசல்கள் எலும்பாகக் கூடாமல் நாராகவே நின்றுவிடுவதும் உண்டு. அப்படியே ஆண்டுக்கணக்கில் வலியில்லாமல் ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரு பக்கமும் விரிசல் விட்டால் முள்ளெலும்பு முன்னால் நழுவக்கூடும். எனவே ‘எத்தனை நாள்’ என்ற கேள்விக்குப் பொதுப் பதில் கிடையாது.

அந்த மாதங்களில் சும்மா படுத்திருப்பதும் இல்லை. முதலில் அன்றாட நடமாட்டம் வலியில்லாமல் ஆக வேண்டும். அடுத்து வயிற்றின் ஆழ்தசைகளும் முதுகை ஒட்டிய சிறு தசைகளும். பிறகு புட்டமும் தொடையும். இடுப்பு மூட்டு இறுகிப்போன வீச்சாளர், அங்கே கிடைக்காத முறுக்கை முதுகிலிருந்து கடன் வாங்குகிறார்; பிசியோக்கள் இடுப்பை இவ்வளவு குடைவது அதனால்தான். அதன் பின் ஓட்டம். அதன் பின்னரே பந்து: முதலில் நின்ற இடத்திலிருந்து, பிறகு நான்கு எட்டு வைத்து, பிறகு பாதி ரன்-அப். நாள் விட்டு நாள். முதலில் எண்ணிக்கையைக் கூட்டுவார்கள், வேகத்தை விட்டுவிடுவார்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டுவதில்லை. சலிப்பூட்டும் வேலை. புகைப்படம் எடுத்துப் போட ஒன்றுமில்லாத வேலை.

லில்லி செய்தது இதைத்தான். மாவுக்கட்டு கழன்ற பிறகு, மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வி அறிஞர் ஃபிராங்க் பைக்கிடம் போனார். பைக் வகுத்த திட்டப்படி உடலைத் தேற்றினார், ஆக்‌ஷனையும் திருத்திக்கொண்டார். 1974-75 ஆஷஸ் தொடரில் திரும்பிவந்து 25 விக்கெட் எடுத்தார். அந்தத் தொடரில் 33 விக்கெட் எடுத்த கூட்டாளி ஜெஃப் தாம்சன், அடிலெய்டு டெஸ்டின் ஓய்வு நாளில் டென்னிஸ் ஆடப்போய்த் தோளைக் கெடுத்துக்கொண்டு கடைசி டெஸ்டைத் தவறவிட்டார். உலகின் மிக வேகமான வீச்சாளர் காயப்பட்டது பந்து வீசி அல்ல. லில்லி 1984-இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 355 டெஸ்ட் விக்கெட்டுகள், அன்றைய உலக சாதனை. அவற்றில் பெரும்பகுதி மாவுக்கட்டுக்குப் பிறகு வந்தவை.

தமிழ்நாட்டின் லட்சுமிபதி பாலாஜியும் இதே பாதையில் நடந்தவர். 2004 பாகிஸ்தான் சுற்றுப்பயணத்தின் சிரித்த முகம் அவர். முதுகு முறிவு அவரை நெடுநாள் ஓரம்கட்டியது. ஆக்‌ஷனை மாற்றி அமைத்துக்கொண்டு வந்தார். 2008 மே மாதம் சேப்பாக்கத்தில், பஞ்சாப் அணிக்கு எதிராக, ஐ.பி.எல். வரலாற்றின் முதல் ஹாட்ரிக் அவருடையது. பழைய வேகம் திரும்பவில்லை. அதற்குப் பதிலாக மெதுவான பந்துகளைக் கற்றுக்கொண்டு 2012 இருபது ஓவர் உலகக் கோப்பை வரை ஆடினார். திரும்பி வருவது என்றால் பழைய ஆளாகவே வருவது என்று பொருளில்லை.

காத்திருப்பின் உச்சம் பேட் கம்மின்ஸ். 2011 நவம்பரில், 18 வயதில், ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட். இரண்டாம் இன்னிங்ஸில் 79 ரன்னுக்கு 6 விக்கெட். வெற்றி ரன்னும் அவர் அடித்ததே. அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில், ராஞ்சியில். நடுவே ஐந்து ஆண்டும் நான்கு மாதமும். முதலில் குதிகால், பிறகு முதுகு, மறுபடி முதுகு. ராஞ்சியில் அவருக்கு இடம் கிடைத்ததே, மிட்செல் ஸ்டார்க் பாதத்தில் அழுத்த முறிவோடு ஊர் திரும்பியதால்தான். முதல் இன்னிங்ஸில் 39 ஓவர் வீசினார் கம்மின்ஸ். முதுகு தாங்கியது, வயது 23 ஆகியிருந்தது.

கிரிக்கெட்டோடு இதை நிறுத்த வேண்டியதில்லை. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் பி.வி. சிந்து தங்கம் வென்றது இடது காலில் அழுத்த முறிவோடு. காலிறுதியிலேயே வலி தெரிந்தது; தொடர்ந்து ஆடினார். உலக சாம்பியன்ஷிப்பைத் தவறவிட்டு, ஐந்து மாதம் கழித்து 2023 ஜனவரியில் திரும்பினார். அந்தத் தங்கத்துக்கு அந்த விலை தகுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். விலை தெரிந்து கொடுப்பது அவர் உரிமை. பதினைந்து வயதுப் பிள்ளைக்காக அந்த விலையை மற்றவர்கள் பேசி முடிப்பதுதான் உறுத்துகிறது.

மீண்டும் பும்ரா. 2022-இல் முதுகு வலியால் ஆசியக் கோப்பையைத் தவறவிட்டார், செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இரண்டு ஆட்டம் ஆடினார், மறுபடி முதுகு, இருபது ஓவர் உலகக் கோப்பையும் போனது. 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை, பிறகு பெங்களூருவில் நாளொரு பந்தாகப் பயிற்சி. ஆகஸ்ட் 18 அன்று டப்ளினை அடுத்த மாலஹைடில் அணித்தலைவராகத் திரும்பி, முதல் ஓவரிலேயே இரண்டு விக்கெட் எடுத்தார்.

2025 ஜனவரியில் சிட்னி டெஸ்டின் நடுவே அவர் மைதானத்தை விட்டு ஸ்கேனுக்குப் போன காட்சியை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அந்தத் தொடரில் அதற்குள் 32 விக்கெட் எடுத்திருந்தார். ஆகவே அந்தக் கோடையில் இங்கிலாந்துக்குப் போனபோது, ஐந்து டெஸ்டில் மூன்றில்தான் ஆடுவார் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். லீட்ஸ், லார்ட்ஸ், மான்செஸ்டர். இந்தியா வென்ற எட்ஜ்பாஸ்டன், ஓவல் இரண்டிலும் அவர் இல்லை. டீக்கடையில் அது கேலிக்குரிய பேச்சானது. ஓவலில் ஆறு ரன்னில் வெற்றி தேடித்தந்த முகமது சிராஜ், ஐந்து டெஸ்டிலும் ஆடி 185 ஓவருக்கு மேல் வீசியிருந்தார். அவரால் முடிகிறது, இவரால் ஏன் முடியாது என்று கேட்டார்கள். சிராஜின் ஆக்‌ஷன் வேறு, ஓட்டம் வேறு, முதுகின் சரித்திரம் வேறு. பும்ரா சில எட்டு மட்டும் ஓடிவந்து, கையை மடக்காமல் நீட்டி, வேகத்தின் பெரும்பகுதியை உடம்பை வளைத்தே எடுப்பவர்; ஒருமுறை விரிசல் கண்டு, இன்னொருமுறை கத்தி வைக்கப்பட்ட முதுகு அவருடையது. அவருக்கு மூன்று டெஸ்ட் என்ற எண்ணை யாரோ உட்கார்ந்து கூட்டிக் கழித்துத்தான் எழுதியிருப்பார்கள்.

இந்த அவையில் உள்ள பெற்றோர்களில் யாராவது இன்று மாலை பிள்ளையை நெட்ஸிலிருந்து அழைத்துவரப் போகிறவர் என்றால், வண்டியில் ஏறும்போது ‘எத்தனை விக்கெட்’ என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை பந்து போட்டான் என்று கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது. நாளைக்கு எண்ணிக்கொண்டு வா என்று சொல்லலாம்.